புதிய ஆர்எஸ் வந்திருக்கிறது: பழையதை மாற்றத்தான் வேண்டுமா?

2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் தனது ஆக்டேவியா ஆர்எஸ் காரின் புதிய பதிப்பை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. நாடு முழுமைக்கும் ஒதுக்கப்பட்டவை நூறே கார்கள். ஷோரூம் விலை 49.99 லட்சம் ரூபாய். விலை முறையாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே, முன்பதிவிலேயே அந்த நூறும் தீர்ந்துவிட்டன. ஐம்பது லட்ச ரூபாய்ப் பொருளொன்றை அதன் விலை தெரியாமலே வாங்க நூறு பேர் முன்வந்தார்கள் என்பது, வங்கியில் பணிபுரியும் என் போன்றோரைச் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்யும் செய்தி.

கையில் முந்தைய ஆர்எஸ் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இச்செய்தி வேறொரு வகையில் முக்கியமானது. 2017-லோ 2020-லோ வாங்கிய காரைப் பிள்ளையைப் போல் பேணி வருபவர்கள் அவர்கள். ஞாயிறு விடியலில் நந்தி மலைச் சாலையில் காத்திருந்தால் அப்படிச் சிலரையேனும் பெங்களூரில் காணலாம். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆயினும், அதே பெயரில் புதியதொன்று வந்துவிட்டது. மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? அடுத்த முறை சில கார்கள் ஒதுக்கப்பட்டாலும், சிந்திக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே, கணக்கை இப்போதே போட்டு வைப்பது நல்லது.

ஆர்எஸ் என்பது 'ராலி ஸ்போர்ட்' என்பதன் சுருக்கம். 1970-களின் நடுவில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில், பந்தயத்துக்கென உருவான 130 ஆர்எஸ் போன்ற கார்களுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவில் ஆக்டேவியாவுக்கு அது வந்து சேர்ந்தது. நம் நாட்டில் முதலில் வந்த ஆக்டேவியா ஆர்எஸ், 150 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் மேனுவலும் கொண்டது. அக்காலத்தில் அது நம் சாலைகளுக்கு ஓர் அதிசயமாகவே இருந்தது. பின்னர் 2011-ல் லாரா ஆர்எஸ் வந்தது, 160 குதிரைத்திறன். நான்கு கதவுகளும் சாமான் வைக்கப் பெரிய டிக்கியும் உள்ள வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைக்கலாமா என்று இலக்கணம் பேசுவோர் உண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை பொன்னி அரிசி ஆகிய எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதாலேயே இந்திய நடுத்தர வர்க்கம் இதை விரும்பியது என்பது என் எண்ணம்.

இன்று மாற்றலாமா என்று யோசிப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பவை இரண்டு பதிப்புகள். 2017-ல் வந்தது 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. ஷோரூம் விலை 24.62 லட்சம். 2020-ல் முழுமையாகக் கட்டப்பட்ட நிலையில் இறக்குமதியான 200 கார்கள் 245 குதிரைத்திறனும் 370 நியூட்டன் மீட்டரும் கொண்டவை, விலை 35.99 லட்சம். புதியது 265 குதிரைத்திறன். முறுக்குவிசை அதே 370.

நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 2017-ன் காருக்கு 6.8 விநாடி ஆகும் என்றது நிறுவனம். 2020-ன் காருக்கு 6.6, புதியதற்கு 6.4. எட்டு ஆண்டுகளில் விலை இரு மடங்குக்கும் சற்று மேலாக உயர்ந்திருக்கிறது; நேரம் 0.4 விநாடி குறைந்திருக்கிறது. கண் இமைக்கும் நேரம் என்று சொல்வோமே, ஏறத்தாழ அவ்வளவுதான்.

நியாயமாகப் பார்த்தால், பணத்தின் மதிப்பும் இடையில் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு பணவீக்கம் என்று கொண்டால், 2017-ன் 24.62 லட்சம் இன்றைக்கு ஏறத்தாழ 36.4 லட்சத்துக்குச் சமம். மீதமுள்ள 13 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் காரின் முன்னேற்றமும் உண்டு, சுங்க வரியும் உண்டு. உள்நாட்டுத் தரச் சான்று சோதனைகள் இல்லாமல் ஓர் உற்பத்தியாளர் ஆண்டுக்கு 2,500 வாகனங்கள் வரை இறக்குமதி செய்யலாம் என்று 2018-ல் மத்திய அரசு விதி வகுத்தது. இத்தகைய கார்கள் சிறு எண்ணிக்கையில் நமக்குக் கிடைப்பதற்கு அவ்விதியே வழி செய்தது. ஆனால் முழுமையாகக் கட்டப்பட்டு வரும் காருக்குரிய வரியிலிருந்து அது விலக்குத் தருவதில்லை.

எந்தச் சாலைக்கு?

வெளிவட்டச் சாலையிலும் சில்க் போர்டு சந்திப்பிலும் 265 குதிரைகளுக்கும் 230 குதிரைகளுக்கும் இடையே வேறுபாடு காண இயலாது. நெரிசல் நேரத்தில் பத்து கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் நகரம் இது. அந்த நேரத்தில் நாம் ஓட்டும் காரின் மிகப் பெரிய தகுதி, குளிர்சாதனமும் இருக்கையும்தான்.

நகரை விட்டு வெளியே வந்தால்? 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் நீளம் 118 கிலோமீட்டர். அங்கே கார்களுக்கான வேக வரம்பு 100. கேமராக்கள் கண் கொட்டாமல் பார்க்கின்றன. 2024 ஆகஸ்ட் முதல், கர்நாடகத்தில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டினால் அபராதத்தோடு முடிவதில்லை. முதல் தகவல் அறிக்கையே பதிவாகும். புதிய ஆர்எஸ் 250 வரை செல்லக்கூடியது. அதில் பாதியை எட்டும்போதே வழக்குக்கு வெகு அருகில் வந்துவிடுகிறோம்.

இந்தக் காரின் முழுத் திறனை முறைப்படி அறிய விரும்புவோர், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதைக்கோ, கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ செல்ல வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் அங்கே ஓட்டப் போகிறவருக்குப் புதிய காரின் கூடுதல் திறன் உண்மையிலேயே பயன்படும். மற்றவர்கள் அதைக் காகிதத்தில் மட்டுமே வைத்திருப்பார்கள்.

அப்படியானால் புதியதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது விளம்பரத்தின் முதல் வரியில் வருவதில்லை. எதிரே வரும் வாகன ஓட்டியின் கண் கூசாதபடி ஒளியைத் தானே வெட்டிக் கொடுக்கும் மேட்ரிக்ஸ் முகப்பு விளக்குகள், முன்னே செல்லும் வண்டியைக் கவனித்து எச்சரித்துப் பிரேக் பிடிக்கும் உதவி அமைப்புகள், புதிய காருக்குரிய உத்தரவாதம் ஆகியவையே அவை. மாதம் இருமுறை இரவில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியே சேலத்துக்கோ மதுரைக்கோ செல்பவரை எண்ணிப் பாருங்கள். தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில், சரக்கு லாரிகளுக்கு நடுவே, மழையில் அவர் இறங்குகிறார். அவருக்கு அந்த விளக்கும் பிரேக்கும் 0.4 விநாடியை விடப் பன்மடங்கு மதிப்புடையவை. என்னைக் கேட்டால், இந்தக் காரை மாற்றுவதற்கு நேர்மையான காரணம் இது ஒன்றுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெற 50 லட்ச ரூபாய்க் கார்தான் வேண்டும் என்பதில்லை. அதில் பாதி விலைக்கும் குறைவான சில கார்களிலும் இன்று அத்தகைய உதவி அமைப்புகள் உள்ளன.

கணக்கைப் பார்ப்போம்

49.99 லட்சம் என்பது ஷோரூம் விலை. கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 விழுக்காடு. செஸ் சேர்த்தால் ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் பதிவு செய்தால் குறையும் என்று எண்ண வேண்டாம். 2023 நவம்பரில் செய்த மாற்றத்துக்குப் பின் அங்கே இந்த விலைக்கு வரி 20 விழுக்காடு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் விற்பனையாளர் ஒரு விழுக்காடு வரியை மூலத்தில் வசூலிப்பார். அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்கு வரவாகும். படிவம் 26ஏஎஸ்-இல் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டையும் சேர்த்தால் ஆன்ரோடு விலை 60 லட்சத்தைத் தாண்டிவிடும்.

பழைய காரை விற்ற பணமும் கைச் சேமிப்பும் போக 40 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எளிமைக்காக வட்டி 9 விழுக்காடு என்போம். ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 83,033 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 9.8 லட்சம். ஏழு ஆண்டுகள் என்றால் தவணை 64,356 ரூபாயாகக் குறையும். வட்டி 14 லட்சத்தைத் தாண்டும். சம்பளதாரர் சொந்தக் காருக்குச் செலுத்தும் வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது என்பதையும் நினைவில் கொள்க.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் உள்ளவர்கள், அதன் மேல் டாப்-அப் பெற்றுக் கார் வாங்க முனைகிறார்கள். வட்டி குறைவு, தவணையும் குறைவு என்பது அவர்கள் வாதம். 40 லட்சத்தை 8.5 விழுக்காட்டில் 15 ஆண்டுகளுக்குப் பெற்றால் தவணை 39,390 ரூபாய்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 15 ஆண்டுகளில் கட்டும் வட்டி ஏறத்தாழ 30.9 லட்சம். தனியார் கார் ஒன்றின் முதல் பதிவுக் காலமே 15 ஆண்டுகள். காரின் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வரை அதன் கடனைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கடன் கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவன் இதைச் சொல்லலாமா என்று கேட்கலாம். வீட்டின் பத்திரத்தை அடகு வைத்து வேகம் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கார் தொடர்பான எல்லாச் செலவும், அதாவது தவணை, காப்பீடு, பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து, கைக்கு வரும் மாத வருமானத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் கைக்கொள்ளும் அளவுகோல். மேற்சொன்ன ஏழாண்டுக் கடனுக்குத் தவணையும் பிற செலவுகளுமாக மாதம் 90,000 ஆகிறது என்றால், கைக்கு 3.6 லட்சமாவது வர வேண்டும். பெங்களூரில் அத்தகைய வருமானம் உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களில் பலருக்கு வீட்டுத் தவணை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது; தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலையின் நிலைமை பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழையதை வைத்துக்கொண்டால்?

மாற்றுவதற்குச் சொல்லப்படும் முதற்காரணம், "இனிமேல் செலவு வைக்கும்" என்பது. செலவு வைக்கும்தான். எவ்வளவு என்பதே கேள்வி. 2017-ன் காரில் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகையைச் சேர்ந்தது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் எண்ணெயை மாற்ற வேண்டும். அந்த 2 லிட்டர் எஞ்சின் குடும்பத்தில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பகுதி கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அகலமான, பக்கச்சுவர் குறைந்த டயர்கள், நம் பள்ளங்களில் அடிபடும் சஸ்பென்ஷன் புஷ்கள், தாழ்ந்த முன் பம்பர் ஆகியவை ஓயாத செலவுகள்.

ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. ஆர்எஸ் அரிய காரே தவிர, அதன் எஞ்சின் அரியதன்று. சூப்பர்ப், கோடியாக், டிகுவான், சில ஆடி கார்கள் ஆகியவற்றில் உள்ளதும் இதே குடும்ப எஞ்சின்தான். ஆகவே எஞ்சின் பாகங்கள் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். இக்கார்களை நன்கு அறிந்த தனிப் பணிமனைகளும் பெங்களூரில் உள்ளன. சிறு பாகங்களுக்கு ஜே.சி. சாலை இருக்கவே இருக்கிறது. ஆர்எஸ்ஸுக்கே உரிய பம்பர், இருக்கைத் துணி, சக்கரம் போன்றவைதாம் காத்திருக்க வைக்கும். சாதாரண ஆக்டேவியாவின் விற்பனையே 2023-ல் இங்கு நின்றுவிட்டதால், அந்தக் காத்திருப்பு இனிக் குறைய வாய்ப்பில்லை.

மாதம் 15,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். ஐந்து ஆண்டுகளில் அசல் மட்டுமே 9 லட்சம் ஆகும். டயர், சஸ்பென்ஷன், கிளட்ச் தொகுதி என்று பெரிய வேலைகள் எல்லாம் வரிசையாக வந்தாலும் அத்தொகை தாங்கும் என்பது என் மதிப்பீடு. ஏழாண்டுக் கடனின் தவணையில் அது நான்கில் ஒரு பங்கும் இல்லை. வேலை வராவிட்டால் பணம் உங்களுடையதே.

கவலைக்குரிய விஷயம் பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது எங்கும் வந்துவிட்டது. அதற்கேற்ற பாகங்களுடன் கார்கள் பரவலாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலுக்குப் பின்னரே. 2017, 2020 ஆண்டுகளின் கார்கள் அதற்கு முந்தியவை. எரிபொருள் குழாய்கள், ரப்பர் சீல்கள் ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். வாரக் கணக்கில் ஓட்டாமல் டாங்க்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மைலேஜ் சற்றுக் குறையும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து ஆண்டுகள் வரை காரின் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிட வகுத்த அட்டவணை உள்ளது. நான்கு ஆண்டுகள் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் காருக்குத் தேய்மானம் 50 விழுக்காடு. அதன் பின் மதிப்பை நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவு செய்யலாம். அரிய காரை வைத்திருப்போர் பலர் இதைக் கேட்பதே இல்லை; கணினி காட்டிய தொகைக்குக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். சந்தையில் உங்கள் காருக்கு என்ன விலை என்பதற்கான சான்றுகளுடன் பேசுங்கள்.

வேறொரு வழியும் பேசப்படுவதுண்டு. பழைய காரின் எஞ்சின் மென்பொருளை மாற்றினால் புதியதையும் மிஞ்சும் திறன் சில மணி நேரத்தில் வந்துவிடும் என்பார்கள். தொழில்நுட்பப்படி அது பொய்யன்று. ஆனால் தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும் நாளில் சர்வேயர் அதைக் கண்டுபிடித்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கவும். உத்தரவாதம் எஞ்சியிருந்தால் அதற்கும் விடை கொடுக்க நேரும்.

ஆக, என் முடிவு இதுதான். காரில் இரவுப் பயணம் மிகுதியாகச் செய்பவர், கையில் பாதித் தொகைக்கு மேல் ரொக்கமாக உள்ளவர், ஓய்வுக்காலச் சேமிப்பையும் வீட்டையும் தொடாமல் வாங்கக் கூடியவர் மாற்றலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பழையதைச் செப்பனிட்டு ஓட்டுவதே மேல். வணிகவியலில் ஒரு பாடம் உண்டு: ஏற்கெனவே செலவழித்த பணத்தை முடிவெடுக்கும்போது கணக்கில் கொள்ளக் கூடாது. "போன வருடம்தான் நான்கு டயரும் மாற்றினேன், எப்படி விற்பது" என்பதும் தவறு. "இவ்வளவு செலவழித்தாயிற்று, இனியாவது புதியதற்குப் போய்விடுவோம்" என்பதும் அதே தவறுதான்.

விற்பதென்று முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருப்பதை அடிக்கடி காண்கிறோம். வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று முதலில் அதை நீக்குங்கள். இவ்வகைக் கார்களைத் தேடி வெளிமாநிலத்தவரும் வருவார்கள். அப்போது ஆர்டிஓ-விடமிருந்து படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று தேவைப்படும். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. கைமாறிப் போன கார் விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களைத் தேடி வரும். 230 குதிரைத்திறன் கொண்ட காரை முன்பின் அறியாதவரிடம் ஒப்படைக்கும்போது இது வெறும் காகித விஷயமன்று. பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும் வரை விலையைப் பற்றிய மகிழ்ச்சியை ஒத்திவையுங்கள்.

பல ஆண்டுகள் இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்கான போனஸ், காருக்குரியதன்று; உங்களுக்குரியது. ஐந்து ஆண்டுகளில் அது 50 விழுக்காடு வரை சேர்ந்திருக்கும். 60 லட்ச ரூபாய்க் காரின் சொந்தச் சேதக் காப்பீட்டில் அது சிறு தொகையன்று. விற்றவுடன் காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் தக்கவைப்புச் சான்று கேட்டுப் பெறுங்கள். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; இம்முறை நூறில் ஒன்று கிடைக்காதவர்களும் அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.